கதவைத் தட்டியவர் யார்?

மகள் தரம் 2இல் படித்த ஆண்டு, இரண்டாம் தவணை தொடங்கிய சில நாட்களில், சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் இருந்தபடி ஒரு சிறு பந்தியை உரத்து வாசித்தாள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. புகையிரதம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பின் விட்ட இடத்திலிருந்து தொடர்வது வீட்டு வழக்கம். அன்று அவள் நிறுத்தவில்லை. இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்தி, ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்து முடித்தாள். பந்தி இதுதான்: "மழை பெய்துகொண்டிருந்தது. தாத்தா கதவைத் தட்டியவர் யார் என்று கேட்டார். வெளியே குடையுடன் நின்ற தபாற்காரர் சிரித்தார்."

"கதவைத் தட்டினது ஆர்?" என்று கேட்டேன்.

"தாத்தா."

"தாத்தா எங்க நிண்டவர்?"

"வெளியில. மழைக்குள்ள."

"அப்ப தபாற்காரர்?"

சற்று யோசித்துவிட்டு, "அவரும் வெளியிலதான். தாத்தாவைப் பார்த்துச் சிரிச்சவர்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. வாசிக்கும்போது கவனம் எங்கே போயிற்று என்று ஏசினேன். அவள் மறுபடியும் வாசித்தாள். மறுபடியும் கதவைத் தட்டியவர் தாத்தாவாகவே இருந்தார். மூன்றாம் முறை கேட்டபோது அழத் தொடங்கிவிட்டாள். அந்த அழுகையின் காரணம் எனக்கு விளங்க இரண்டு மாதங்கள் சென்றன. இடையில் நான் செய்த பிழைகளைச் சொல்லாமல் நேரே தீர்வுக்குப் போனால், இதை வாசிக்கும் பெற்றோருக்குப் பெரிய பயன் இராது. ஏனெனில் அந்தப் பிழைகளைத்தான் நாம் எல்லோரும் முதலில் செய்கிறோம்.

முதற்பிழை, பயிற்சிப் புத்தகம். "கிரகித்தல்" என்று தலைப்பிட்ட ஒரு புத்தகத்தை வாங்கி வந்து, நாளுக்கு ஒரு பந்தி, பந்திக்கு ஐந்து வினா என்று செய்வித்தேன். ஒரு வாரத்திலேயே அவள் ஐந்துக்கு ஐந்து எடுக்கத் தொடங்கினாள். பிள்ளை தேறிவிட்டாள் என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். பிறகு ஒருநாள் அவளுடைய பென்சில் போகும் பாதையைத் தற்செயலாகக் கவனித்தேன். பந்தியை அவள் வாசிக்கவே இல்லை. வினாவில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதே சொல் பந்தியில் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடி, அந்த வாக்கியத்தை அப்படியே பார்த்தெழுதினாள். புத்தகத்தின் வினாக்களும் அதற்கு வசதியாகவே அமைந்திருந்தன.

அன்றிரவு நானே ஒரு பந்தி எழுதினேன். "சிமிலி காலையில் கொடலைக்குச் சென்றாள். அங்கே மூன்று தவனிகளைத் துமிழ்த்தாள். தவனிகள் மினுகியதால் அவளுக்குக் கவலை உண்டாயிற்று." கீழே மூன்று வினா: சிமிலி எங்கே சென்றாள்? எத்தனை தவனிகளைத் துமிழ்த்தாள்? அவளுக்கு ஏன் கவலை உண்டாயிற்று? மறுநாள் மாலை இரண்டு நிமிடத்தில் விடை எழுதிக் கொப்பியை நீட்டினாள். கொடலைக்குச் சென்றாள், மூன்று தவனிகளைத் துமிழ்த்தாள், தவனிகள் மினுகியதால் கவலை உண்டாயிற்று. முழுப் புள்ளி. சரி போட்டுக் கொடுத்தேன், விளையாடப் போய்விட்டாள். படுக்கும்போதுதான், "அம்மா, தவனி எண்டா என்ன?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி மட்டும் வராமல் இருந்திருந்தால் எனக்கு அன்று நித்திரை வந்திராது.

வீட்டில் சிறு பிள்ளை உள்ள எவரும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்கலாம். பொருளே இல்லாத பந்திக்கு முழுப் புள்ளி கிடைக்குமானால், அந்த வகை வினாக்கள் விளக்கத்தை அளக்கவில்லை என்பது தெளிவாகிவிடும். ஆனால் அந்தக் கொப்பியை மறுபடி பார்த்தபோது வேறொன்றும் எனக்குப் பட்டது. "சிமிலி ஆம்பிளையோ பொம்பிளையோ?" என்று கேட்டிருந்தால் பொம்பிளை என்று அவள் உடனே சொல்லியிருப்பாள். தவனி என்பது எண்ணக்கூடிய ஒரு பொருள், துமிழ்த்தல் என்பது நடந்து முடிந்த ஒரு செயல், மினுகியது தவனிதான், சிமிலி இல்லை. இவை எல்லாம் அவளுக்குத் தெரியும். எவரும் கற்பிக்காத இலக்கணம் அவளிடம் நிறையவே இருந்தது. அப்படியானால் கதவைத் தட்டியவரிடம் மட்டும் அவள் ஏன் தடுக்கி விழுந்தாள்?

விடை என் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார்; நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் பிள்ளைகள் அம்மம்மாவோடுதான். ஒரு சனிக்கிழமை முருங்கையிலை உருவிக்கொண்டே, "காலமை தபாற்காரர் வந்தவர், கடிதம் மேசையில கிடக்கு" என்றார். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். எங்கள் பேச்சில் "தபாற்காரர் வந்தவர்" என்பது முடிந்த வாக்கியம். எழுத்துத் தமிழிலோ "வந்தவர்" என்பது வந்த ஆளைக் குறிக்கும் பெயர், வினையாலணையும் பெயர்; அதன் பின்னால் இன்னொரு வினை வந்தால்தான் வாக்கியம் முடியும். என் மகள் தன் அம்மம்மாவின் இலக்கணத்தைக் கொண்டு "தாத்தா கதவைத் தட்டியவர்" என்று வாசித்தாள். அந்த இலக்கணத்தின்படி அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரியாக விளங்கிக்கொண்ட பிள்ளையை மூன்று முறை ஏசி அழவைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுத் தமிழ் ஒரே தமிழும் அன்று. கணவர் ஹட்டனைச் சேர்ந்தவர். "அவரு வந்தாரு, அவங்க சொன்னாங்க" என்பது அவருடைய பேச்சு. அம்மாவின் பேச்சில் "அவர் வந்தவர், அவ சொன்னவ". கீழ்மாடிப் பிள்ளைகளோடு விளையாடும்போது சிங்களம். பேச்சுச் சிங்களத்தில் "மம யனவா, ஒயா யனவா, எயா யனவா" என்று நான், நீ, அவர் யாராக இருந்தாலும் வினைச்சொல் மாறாமல் நிற்கும். இத்தனைக்கும் நடுவில், வீட்டில் எவரும் பேசாத ஒரு தமிழை அவள் பாடப்புத்தகத்தில் சந்திக்கிறாள். பேச்சு மொழியும் எழுத்து மொழியும் இப்படி விலகி நிற்பதை மொழியியலாளர் சார்ல்ஸ் பேர்குசன் 1959இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அரபு, கிரேக்கம் முதலிய மொழிகளைக் கொண்டு விளக்கினார். நம்மவர் அதை இரட்டை வழக்கு என்பர். பெரியவர்களாகிய நமக்கு அந்த விலகல் கண்ணில் படுவதே இல்லை, பழகிவிட்டோம். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் பாதி அந்நிய மொழி.

கணக்குப் பிரிவில் வேலை செய்பவள் என்பதாலோ என்னவோ, கொஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த ஒரு சமன்பாடு என் மனத்தில் நன்றாகப் பதிந்தது. வாசித்து விளங்குதல் என்பது எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறனையும் கேட்டு விளங்கும் மொழித்திறனையும் பெருக்கி வருவது என்றார்கள். பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பூச்சியமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூச்சியமே. என் மகளின் எழுத்துக் கூட்டலில் குறையில்லை. அதே பந்தியை நான் வாசிக்க அவள் கேட்டிருந்தாலும் விளங்கியிராது என்பதுதான் உண்மை. ஆகவே அவள் வாசித்து விளங்கும் முன், அந்தத் தமிழைக் கேட்டு விளங்க வேண்டும்.

அன்றிலிருந்து பயிற்சிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இரவில் 15 நிமிடம் நான் வாசிக்கத் தொடங்கினேன். மகளுக்கு வாசிக்கும்போது நான்கு வயது மகனும் வந்து மடியில் ஏறிக்கொள்வான். புத்தகங்களுக்காக ருத்திரா மாவத்தைப் பக்கம் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்குப் போனோம். 1942இல் தொடங்கிய அந்தச் சங்கம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க, அதுவரை விழாக்களுக்கு மட்டுமே அங்கே போயிருக்கிறேன் என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இங்கேயும் ஒரு பிழை விட்டேன். வாசித்த கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது, "வந்தவர் எண்டு சொல்லாத, வந்தார் எண்டு சொல்லு" என்று ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினேன். ஐந்தாம் நாள் அவள் வாயே திறக்கவில்லை. "மறந்துபோச்சு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். கதையை விளங்குவது ஒரு வேலை, எழுத்துத் தமிழில் சொல்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் பிள்ளை இரண்டையும் கைவிட்டுவிடும். அதன்பின், கதையை அம்மம்மாவுக்குச் சொல்வதுபோலத் தன் பேச்சிலேயே சொல்ல விட்டேன். "அந்த நரி விசர் வேலை பாத்தது" என்று சொன்னாலும் தலையாட்டினேன். நரி ஏன் அப்படிச் செய்தது என்பது அவளுக்கு விளங்கியிருக்கிறதா என்பது மட்டுமே அப்போது என் கவலை. கேள்விகளையும் குறைத்தேன். கதை முடிந்தபின் வரிசையாகக் கேட்பதை விட்டு, நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "இனி என்ன நடக்கும் எண்டு நினைக்கிறாய்?" என்று ஒரு கேள்வி, சில இரவுகளில் அதுவும் இல்லை.

எழுத்துத் தமிழுக்குத் தனியாக ஒரு கொப்பி போட்டோம். அதற்கு "இரண்டு வரிக் கொப்பி" என்று அவளே பெயர் வைத்தாள். மேல்வரியில் வீட்டில் யாராவது சொன்ன ஒரு வாக்கியம், சொன்னபடியே. கீழ்வரியில் அதே செய்தி புத்தகம் சொன்னால் எப்படிச் சொல்லும் என்பது. "நான் வீட்டை போறன்" என்பதன் கீழே "நான் வீட்டுக்குப் போகிறேன்". "எனக்குத் தெரியேல்லை" என்பதன் கீழே "எனக்குத் தெரியவில்லை". "அப்பா வந்தாரு" என்பதன் கீழும் "அப்பா வந்தவர்" என்பதன் கீழும் ஒரே வாக்கியம்: "அப்பா வந்தார்". அப்பாவின் பேச்சுக்கும் அம்மம்மாவின் பேச்சுக்கும் புத்தகம் நடுவர்போல நிற்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நாளுக்கு இரண்டு வாக்கியம், அதற்கு மேல் இல்லை. எவருடைய பேச்சையும் பிழை என்று சொல்லக்கூடாது என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். அம்மம்மாவின் தமிழைக் கொச்சை என்று கேட்டு வளரும் பிள்ளை, நாளடைவில் அம்மம்மாவோடு பேசுவதையே குறைத்துவிடும்.

இரண்டாம் வாரம் அந்தக் கொப்பியில் "நான் நாளைக்கு வாகிறேன்" என்று எழுதியிருந்தாள். இது என்ன சொல் என்று கேட்டேன். "போறன் எண்டா போகிறேன். அப்ப வாறன் எண்டா வாகிறேன்தானே?" என்றாள். எனக்குத் தெரிந்த எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைச் சிவப்பு மையால் அடித்துவிடும். ஆனால் அந்தப் பிழையில் ஒரு விதி இருக்கிறது. எவரும் சொல்லாமல் அவளாகக் கண்டுபிடித்து, தெரியாத சொல்லுக்கும் துணிந்து நீட்டிய விதி. "உன்ர கணக்குச் சரி, ஆனா வா எண்ட சொல் கொஞ்சம் குழப்படிக்காரன், வருகிறேன் எண்டுதான் வரும்" என்று சொன்னேன். சில நிமிடம் கழித்து, "தா எண்டதும் குழப்படிக்காரனோ?" என்று தானே கேட்டுத் "தருகிறேன்" என்று எழுதினாள். பிள்ளையின் பிழையைத் திருத்துமுன் அது எந்த விதியால் வந்தது என்று கேட்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் ஒரு விதி இருக்கிறது.

வினைமுற்றின் வால் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் "யார்" என்ற வினாவுக்குரிய விடை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பழைய நாட்காட்டித் தாள்களைக் கீலங்களாக வெட்டி, ஒரு பக்கம் அக்கா, தம்பி, அம்மா, நாய், காகங்கள் என்றும் மறுபக்கம் ஓடினாள், ஓடினான், ஓடினார், ஓடியது, ஓடின என்றும் எழுதிக் கலைத்துப் போட்டேன். முதல் நான்கும் உடனே சேர்ந்துவிட்டன. "ஓடின" என்ற துண்டு தனியாகக் கிடந்தது. நாம் பேச்சில் "காகமெல்லாம் ஓடினது" என்றுதான் சொல்கிறோம். அஃறிணைப் பன்மைக்கு வேறு வால் உண்டு என்பதை அவள் காதால் கேட்டதே இல்லை. எனவே அந்த ஒன்றைத்தான் கற்பிக்க வேண்டியிருந்தது. பிறகு எழுவாயே இல்லாத வாக்கியங்களைக் கொடுத்தேன். "கதவைத் திறந்தாள்." யார்? ஒரு பெண், எங்களைவிடப் பெரிய ஆளில்லை. "கூரையில் இருந்தன." மனிதரில்லை, ஒன்றுக்கு மேல். அவளும் தம்பியும் இதைத் துப்பறியும் விளையாட்டாக்கி, ஒருவர் வினையை மட்டும் சொல்ல மற்றவர் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். எழுதத் தெரியாத தம்பி இதில் அடிக்கடி வெல்வது அக்காவுக்குப் பெரிய மனத்தாங்கல்.

அடுத்த தடை, யார் யாருக்குச் செய்தார்கள் என்பது. வாக்கியத்தில் முதலில் வருபவரே செய்பவர் என்று அவள் எண்ணியிருந்தாள். "தம்பியைப் பூனை துரத்தியது" என்று வாசித்துவிட்டு, தம்பி பூனையைத் துரத்துவதாகவே சொன்னாள். விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று கண்டதால், படம் கீறச் சொன்னேன். பக்கத்தைப் பாதியாக மடித்து, இடப்பக்கம் "தம்பி பூனையைத் துரத்தினான்", வலப்பக்கம் "தம்பியைப் பூனை துரத்தியது". இரண்டு படமும் ஒன்றுபோல வந்தபோது அவளே பென்சிலை நிறுத்தி வாக்கியங்களை மறுபடி பார்த்தாள். "ஐ" எங்கே ஒட்டியிருக்கிறதோ அவன்தான் ஓடுகிறவன் என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், வலப்பக்கத்துத் தம்பியின் கண்ணீரைப் பெரிய பெரிய துளிகளாகக் கீறினாள். விளக்கத்தைச் சோதிக்கப் படத்தைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. பார்த்தெழுதிவிட்டுத் தப்ப அதில் இடமில்லை.

தமிழ் வாக்கியத்தின் வினை கடைசியில் வருவதும், பெயரை விவரிக்கும் சொற்களெல்லாம் அந்தப் பெயருக்கு முன்னே வந்து அடுக்குவதும் சிறுபிள்ளையின் நினைவுக்குப் பெரும் சுமை. "நேற்று மாமா சந்தையில் வாங்கிய மாம்பழங்களை அக்கா கழுவினாள்" என்ற வாக்கியத்தில் மாமாவைப் பார்த்தவுடன் பிள்ளை அவரையே தலைவராக எண்ணிவிடும். கடைசியில் அக்கா வருமுன் தொடக்கம் மறந்துபோகும். இதற்கு எங்கள் பல்கனி உதவியது. கடற்கரையோரப் பாதையில் போகும் சில புகையிரதங்களில் எஞ்சின் பெட்டி பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும். அதைப் பார்த்துவிட்டு வந்த மகள், "இந்த வசனத்துக்கும் எஞ்சின் பின்னாலதான்" என்றாள். அதன்பின் வாசிக்கும்போது முதலில் எஞ்சினைத் தேடுவாள்: கழுவினாள். யார் கழுவியது? அக்கா. எதை? மாம்பழங்களை. எந்த மாம்பழங்களை? நேற்று மாமா சந்தையில் வாங்கியவற்றை. பெட்டி பெட்டியாகக் கழற்றிவிட்டு மறுபடி பூட்டுவாள். நாங்களும் சாப்பாட்டு நேரத்தில் "அக்கா பழம் கழுவினாள்" என்று தொடங்கி, ஆளுக்கொரு பெட்டியாக முன்னால் பூட்டிக்கொண்டே போவோம்; கணவர் பூட்டும் பெட்டிகள் பெரும்பாலும் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும்.

"போகவேண்டியிருந்தபடியால்" போன்ற நீண்ட சொற்களைப் பென்சிலால் மெல்லக் கோடிட்டுப் பிரித்துக் கொடுத்தேன். சில வாரங்களில் அவளே பிரிக்கத் தொடங்கினாள், அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

எழுத்துப்பிழைக்குக் காலி வீதியே எங்கள் கரும்பலகை. நம் பேச்சில் "ழ" பெரும்பாலும் "ள" ஆகிவிடுவதால் "வாழைப்பழம்" என்பதைக் காதால் கேட்டு எழுத முடியாது. கண்ணால் பல முறை பார்த்தால்தான் கை நம்பும். ஆனால் ங், ஞ், ண், ந், ம், ன் என்ற மெல்லின மெய்களில் கண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை, விதி உண்டு. வல்லினத்துக்கு முன்னால் மெல்லினம் வந்தால் பெரும்பாலும் அதன் இன எழுத்தே நிற்கும். 100ஆம் இலக்கப் பஸ்ஸில் பாணந்துறை: த வருவதால் ந். பம்பலப்பிட்டி: ப வருவதால் ம். கொட்டாஞ்சேனையில் ஞ், கண்டியில் ண், தங்காலையில் ங். ன்ற என்பதற்கு ஓர் ஊர்ப்பெயர் கிடைக்காமல் பல நாள் தேடி, கடைசியில் ஒரு "மன்றம்" பெயர்ப்பலகையில் கண்டு பஸ்ஸுக்குள் அவள் போட்ட சத்தத்தில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். தந்நகரம், அதாவது "ந", சொல்லின் முதலிலும் த்-க்கு முன்னும்தான் பெரும்பாலும் வரும் என்று சொன்னபோது, "அப்ப கிளிநொச்சி?" என்று மடக்கினாள். நான் யோசிப்பதற்குள், "அது இரண்டு சொல், கிளி, நொச்சி" என்று தானே விடையும் சொன்னாள். பெயர்ப்பலகைகளில் தமிழைப் பிழையாக எழுதியிருப்பது இந்த நகரத்தில் நமக்கெல்லாம் பழைய மனக்குறை. பிழை கண்டுபிடிப்பவருக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டபின் எங்கள் வீட்டில் அந்தக் குறை சற்றே ஆறியிருக்கிறது. வல்லினம் மிகும் இடங்களை மட்டும் இந்த வயதில் நான் தொடவில்லை. அவள் ஒற்றை விட்டு எழுதினால் விட்டுவிடுகிறேன். வாக்கியம் எழுதும் துணிவு அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். தமிழாசிரியர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு பந்தி அவளை முற்றாகக் கவிழ்த்தது. கிணற்றில் துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது பற்றியது. இலக்கணம் எளிது, வாக்கியங்கள் குறுகியவை, ஆனால் மூன்றாம் மாடியில் குழாயைத் திருப்பி வளர்ந்த பிள்ளைக்குத் துலாவும் இல்லை, மிதிப்பும் இல்லை. அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பேஸ்போல் ஆட்டம் பற்றிய பந்தியை மாணவருக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை நன்கு அறிந்த பிள்ளைகள், வாசிப்பில் வல்லவராயிருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். இது எனக்கு வியப்பாக இருக்கவில்லை. கிரிக்கெட் பற்றிய செய்தியை மகள் என்னைவிட வேகமாக விளங்கிக்கொள்வாள். துலாவுக்கு அம்மம்மாவிடம் போனோம். அம்மா ஓர் அகப்பையையும் நூலையும் கொண்டு துலாவைச் செய்து காட்டி, அதில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடப்பதையும், தன் தகப்பனார் விடியற்காலையில் பாடிக்கொண்டே மிதித்ததையும் ஒரு மணிநேரம் சொன்னார். மறுபடி பந்தியை வாசித்தபோது, "துலா மிதிச்சவர் விழுந்திருந்தா என்ன நடந்திருக்கும்?" என்று பந்தியில் இல்லாத கேள்வியை மகள் கேட்டாள். இப்போது புதிய பாடம் எதையும் வாசிக்குமுன், அதில் அவள் கண்ணால் காணாத பொருள் என்ன இருக்கிறது என்று பார்த்து, முதலில் அதைப் பற்றிப் பேசிவிடுகிறோம்.

இலக்கணப் பெயர்கள் பற்றி ஒரு சொல். அவளை முன்னர் அனுப்பிய ஒரு தனியார் வகுப்பில் "பெயர்ச்சொல் என்றால் என்ன" என்பதற்கு வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்வித்திருந்தார்கள். ஒப்புவிப்பாள், ஆனால் ஒரு வாக்கியத்தைக் காட்டிக் கேட்டால் முழிப்பாள். அங்கிருந்து நிறுத்திவிட்டேன். பொருள் கைக்கு வந்தபின் பெயரைக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் பட்டது. சுட்டெழுத்து என்ற பெயரை அவள் அறிந்தது இப்படித்தான். ஒருநாள் இரண்டு வரிக் கொப்பியோடு வந்து, "அது, இது எல்லாம் புத்தகத்தில இருக்கு. அம்மம்மா சொல்ற உது மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டாள். அ, இ, உ என்ற மூன்றும் சுட்டெழுத்துகள் என்று பழைய இலக்கணம் சொல்வதையும், எழுத்திலும் பிற ஊர்களிலும் அருகிப்போன உகரச் சுட்டு, கேட்பவருக்குப் பக்கத்தில் உள்ளதைக் காட்ட அம்மம்மாவின் வாயில் இன்னும் புழங்குவதையும் சொன்னேன். அடுக்களைக்கு ஓடிப்போய், "அம்மம்மா, நீங்கள் சுட்டெழுத்துக் கதைக்கிறீங்கள்" என்றாள். "உதென்ன புதுக்கதை" என்றார் அம்மா, கையிலிருந்த அரிதட்டைக் கீழே வைக்காமலே.

மகள் இப்போது தரம் 3. பாடசாலையில் கிரகித்தலுக்கு முழுப் புள்ளி எப்போதும் வருவதில்லை. "ஏன்" என்ற வினாவுக்குப் பந்தியில் உள்ளதை விட்டுத் தன் சொந்தக் காரணத்தை எழுதிவிட்டு வருவாள், அதற்குப் புள்ளி கிடைக்காது. அதை எப்படித் திருத்துவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், முழுதாகத் திருத்தவும் மனமில்லை. ஐந்து வயதாகிவிட்ட மகனுக்கு இரவில் சில நாட்களில் அவளே வாசித்துக் காட்டுகிறாள். போன கிழமை அந்தப் பழைய தபாற்காரர் பந்தி கையில் அகப்பட, வாசித்துவிட்டு, "கதவைத் தட்டினது ஆர்?" என்று தம்பியைக் கேட்டாள்.

"தாத்தா" என்றான்.

அவள் ஏசவில்லை. எழுந்து போய் அறைக்கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு தட்டினாள். "தாத்தா, நீங்கள் உள்ளுக்குத்தான் நிக்கிறீங்கள். ஆரெண்டு கேளுங்கோ" என்று வெளியிலிருந்து அவள் குரல் வந்தது.